பேசாத இளவரசன் வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இளவரசன் பேச ஆரம்பித்தான். அதன் பிறகு பல நாள் அம்மா அப்பாவுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நான் பட்டாணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தில்லியில் குளிர் வந்தால் பட்டாணி வந்துவிடும். சரோஜினி நகர் காய்கறி மார்க்கெட்டில் பச்சைப் பட்டாணி மலையாகக் குவிந்து, விலை சடாரென்று இறங்கும் நாளுக்காக எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் காத்திருப்பார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு பெரிய பை நிறைய வாங்கி வந்து, வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில் பாய் விரித்து, வெயிலில் உட்கார்ந்து உரிப்பார்கள். உரித்ததை வெந்நீரில் ஒரு கொதி விட்டு, பாலிதீன் கவரில் கட்டி ஃப்ரீஸரில் அடைத்துவிட்டால் கோடை வரைக்கும் கவலையில்லை. அம்மா திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் பட்டாணி என்றால் அவளுக்கு வறுத்துத் தின்கிற காய்ந்த பட்டாணிதான். நான் கல்லூரிக்குப் போன காலத்தில், தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பிளாக்கிலேயே வேகமாக உரிப்பவள் அவள்தான். பஞ்சாபிப் பெண்களையே தோற்கடித்தாள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பட்டாணி உரிப்பது கைக்குத்தான் வேலை. அம்மாவின் வாயும் காதும் சும்மா இருக்காதவை. அப்பாவோடு பேசலாம் என்றால், அப்பா பேசமாட்டார்.

அப்பா கணக்கு சம்பந்தப்பட்ட ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தார். அங்கே என்ன பேசினாரோ தெரியாது. வீட்டில் ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு தந்தியில் அடக்கிவிடலாம். கோபக்காரர் இல்லை, வருத்தமும் இல்லை. பேசுவதற்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சனி ஞாயிறுகளில் புல்வெளியில் ஒரு நாற்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, முதுகை வெயிலுக்குக் காட்டி, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஒரு ஆம்பளையக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சேன், ஒரு பீரோவக் கட்டிக்கிட்டேன்" என்று அம்மா அவர் காதில் விழும்படியே சொல்வாள். பேப்பர் அசையாது.

அந்தச் சமயத்தில்தான் தரியாகஞ்ச் நடைபாதையில் எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழைய புத்தகங்களைச் சாக்கில் கொட்டி விற்பார்கள். இங்கிலீஷ் நாவல். அட்டையில் பனிமலை, ஒரு பெண், கையில் விளக்கு. புரட்டிப் பார்த்தால் அது ஆறு புத்தகத் தொடரில் மூன்றாவது. அதை வாங்கிப் படித்துப் பைத்தியமாகி, மற்றதையெல்லாம் தேடி ஒவ்வொரு ஞாயிறும் அலைந்தேன். ஒன்றாவது ஒரு குளிர்காலத்தில் கிடைத்தது, இரண்டாவது அடுத்த மழைக்காலத்தில். கடைக்காரப் பையா என்னைப் பார்த்ததும், "தீதி, ஆப்கா பஹாட் வாலா நஹீன் ஆயா" என்று தூரத்திலிருந்தே கையை விரிப்பார். அக்கா, உங்கள் மலைப் புத்தகம் வரவில்லை என்று.

அம்மாவின் இங்கிலீஷ் கேஸ் பில்லோடு நின்றுவிடும். நான் சோறு தின்னாமல் புத்தகத்தோடு கிடப்பதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னட்டி இருக்கு அதுல? எனக்கும் சொல்லு. இங்க தூப்ல வந்து உக்காந்து வாசி."

தூப் என்றால் வெயில். எங்கள் வீட்டில் வெயில் சித்திரையில்தான் அடிக்கும். குளிர்காலத்தில் அடிப்பது தூப்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் உரிப்பாள், நான் இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து அப்படியே தமிழில் சொல்வேன். நான் பத்தாவது வரை தில்லித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதனால் முதல் நாள், "அக்கணமே அவள் வினவினாள்" என்கிற ரீதியில் எடுத்துவிட்டேன். அம்மா ஒரு பட்டாணித் தோலை என் மேல் எறிந்தாள். "செய்தி வாசிக்காதட்டி. மனுசங்க பேசுத மாதிரி சொல்லு." மனுசங்க பேசும் தமிழ் என்று எனக்குத் தெரிந்தது அம்மா பேசும் தமிழ் ஒன்றுதான். ஆகவே மலைநாட்டுக்குப் போன அந்த வெள்ளைக்காரப் பெண் எங்கள் புல்வெளியில், "என்னத்துக்கு இப்படிப் பாக்கிய?" என்று பேசத் தொடங்கினாள். அவளுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

சில நாளில் மேல்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியும் தன் பட்டாணிப் பையோடு இறங்கி வந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் வந்த முதல் நாளிலிருந்து சிநேகம். அம்மா மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாள். ஊரில் சாதாரணம், தில்லியில் அதிசயம். ஒரு பக்கம் போதாதா உனக்கு என்று ஆன்ட்டி கேட்டதில் தொடங்கிய சிநேகம் அது. நாங்கள் இரண்டு பேரும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் ஆன்ட்டியால் உட்கார முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பத்தியையும் முதலில் தமிழில், பிறகு இந்தியில் சொல்லவேண்டியதாயிற்று. இந்தியில் சொல்லும்போது ஆன்ட்டி நடுநடுவே புகுந்து பஞ்சாபியில் திருத்துவார். அவருடைய கதாநாயகி நாளடைவில் ஜலந்தர் பக்கத்துப் பெண்ணாகிவிட்டாள். இரண்டு பெண்களையும் ஒரே மலையில் ஏற்றி இறக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

கதை இதுதான். மலைநாட்டு இளவரசன் மேல் ஒரு சாபம். அவன் குரலைக் கேட்பவர்கள் அவனை அடியோடு மறந்துவிடுவார்கள். சின்ன வயதில் விவரம் தெரியாமல் "அம்மா" என்று கூப்பிட்டு, பெற்ற தாயே யாரப்பா நீ என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அவன் வாயை மூடிவிட்டான். அந்த நாட்டுக்கு வரைபடம் வரையும் ஒருவருடைய மகள் வருகிறாள். வாயாடி. அவளுக்கு அவனைப் பிடித்துப் போகிறது. பேசாதவனை எப்படிப் புரிந்துகொள்வது? வரைபடம் வரைகிற வீட்டுப் பெண் அல்லவா, மலையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். அவன் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தால் மனசு நிறைந்திருக்கிறது. அவளை விட்டு முன்னால் நடந்தால், வழியில் பனி உடையுமா என்று அவன் முதலில் மிதித்துப் பார்க்கிறான். அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது கதவுக்கு வெளியே இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வரவில்லை, ஒரு வார்த்தை இல்லை. விடிந்ததும் அவள் கதவைத் திறந்து, அவன் தோளில் படிந்திருக்கும் பனியைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். நாலாவது புத்தகத்தின் கடைசியில்தான் கையையே பிடிக்கிறார்கள். அதை வாசித்த அன்று ஆன்ட்டி எழுந்து போய் எல்லாருக்கும் கேரட்டில் செய்த காஜர் அல்வா கொண்டு வந்தார்.

தோளில் பனி படிந்த அத்தியாயத்தன்று அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன்லா, நீ அப்ப கைப்பிள்ள. உங்கப்பா வெளிய பெஞ்சுலயே உக்காந்திருந்தாவளாம். நர்ஸு சொன்னா. உள்ள வந்து எப்படி இருக்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அத நான் இத்தன வருசமா சொல்லிச் சொல்லிக் காட்டிட்டிருக்கேன்."

அப்பாவின் முதுகை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி உரித்தாள்.

அதிலிருந்து வீட்டின் காற்றே மாறிவிட்டது. அம்மா அப்பாவைப் படிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து அப்பா எழுந்து போனதும் என்னை இடிப்பாள்.

"டம்ளர வச்ச சத்தம் கேட்டியா?"

"கேக்கலியேம்மா."

"அதான். சத்தமே இல்ல பாத்தியா? ரசம் பிடிச்சிருக்கு."

மார்க்கெட்டுக்குப் போகும்போது அப்பா எப்போதும் பத்தடி முன்னால்தான் நடப்பார். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவுக்கு அது ஒரு தீராத குறை. இப்போது அவர் பின்னாலேயே சந்தோஷமாக நடந்தாள். "வழி பாத்துட்டுப் போறாவ. அங்கன தண்ணி கெடக்குல்லா." அப்பாவா இளவரசன், இளவரசனுக்குத் தலையில் முடி இருக்கும் அம்மா என்று நான் சீண்டுவேன். அவள் என்னை அதட்டினாலும் அவள் கன்னம் சிவப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. பீரோ என்ற பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. மூன்று குளிர்காலங்கள் அப்படி ஓடின. எங்கள் வீட்டின் நல்ல காலம் என்று நான் இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஐந்து புத்தகம் முடிந்தது. ஆறாவது கிடைக்கவே இல்லை. கதை ஒரு மரப்பாலத்தில் நின்றது. இளவரசன் அந்தக் கரையில், இவள் இந்தக் கரையில் விளக்கோடு.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது குழந்தைகள் சேனலில் அந்த மலையைப் பார்த்தேன். அதே மலை, அதே விளக்கு. இங்கிலீஷில் எழுதியதை ஜப்பானில் படமாக வரைந்து, பம்பாயில் இந்தி பேச வைத்து, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒளிபரப்பப் போகிறார்களாம். நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"கார்ட்டூனாட்டி?"

"கார்ட்டூன் இல்லம்மா, அனிமே. ஜப்பான்காரங்க செய்யுறது. ரொம்ப அழகா இருக்கும்."

ஆபீஸில் ஒரு பையன் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அம்மாவுக்கு வார்த்தை முக்கியமில்லை. "அப்ப பாலத்துக்கு அந்தப்பக்கம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

அந்த ஞாயிறுக்கு எங்கள் வீட்டில் கல்யாணக் களை. அம்மா முந்தின நாளே முறுக்கு சுட்டாள். கேபிள்காரரைக் கூப்பிட்டு, அந்தச் சேனலில் புள்ளி புள்ளியாக வந்ததைச் சரிசெய்ய வைத்தாள். ஆன்ட்டி பகோடாத் தட்டோடு, புது ஷால் போர்த்திக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் விட அதிசயம், அம்மா அப்பாவையும் உள்ளே கூப்பிட்டாள்.

"நீங்களும் வந்து உக்காருங்க. அந்த இளவரசன் யார மாதிரி இருக்கான்னு பாக்கணும்."

அப்பா செய்தித்தாளோடு வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளதைச் சொல்லவேண்டும், மலை அழகாக வரைந்திருந்தார்கள். பனி விழுவது தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் ஆஹா என்றோம். அதோடு எங்கள் சந்தோஷம் முடிந்தது.

கதாநாயகி வந்தாள். கண் இரண்டும் பூரி அளவு. கன்னத்தில் பாதியைக் கண்ணே அடைத்துக்கொண்டிருந்தது. அவள் வாய் திறந்து இந்தி பேசினாள்.

"இவ என்னட்டி இந்தி பேசுதா?"

"இந்தி சேனல்மா. இந்திலதான் பேசுவா."

"அவ நம்ம ஊர்ப் பிள்ளைல்லா" என்றாள் அம்மா. நிஜமாகவே மனசு விட்டுப்போன குரல். அந்தப் பக்கம் ஆன்ட்டிக்கும் திருப்தியில்லை. இது என்ன, ரேடியோவில் செய்தி வாசிக்கிற இந்தி, நம் பெண் இப்படியா பேசுவாள் என்றார். இரண்டு பேருமே அவளைத் தங்கள் ஊரிலிருந்து கடத்திக்கொண்டு போய்விட்டதைப் போல டிவியை முறைத்தார்கள்.

அடுத்து ஓர் அணில் வந்தது. ஆறு புத்தகத்தில் எந்தப் புத்தகத்திலும் அணில் கிடையாது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஆறாவதைப் படிக்காமலே. அது ஜோக் அடித்தது, தானே சிரித்துக்கொண்டது.

பிறகு இளவரசன் வந்தான். சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த தலைமுடி. சரி, தொலையட்டும். உதடு மூடியிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரே வாஹ்! யே கோன் ஹை?" என்றது ஒரு குரல். அட, யாரு இது!

"யாரு பேசுதா?" என்றாள் அம்மா. உதடு மூடியபடியே இருந்ததால் அவளுக்குப் புரியவில்லை.

"அவன்தாம்மா. மனசுக்குள்ள பேசுறான்."

ஆமாம். பேசாத கதாநாயகனை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஓட்ட முடியாது என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ, அவனுக்கு மனக்குரல் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குரல் பஸ் ஸ்டாண்டில் வெட்டியாக நிற்கும் காலேஜ் பையனின் குரல். ஓயவே இல்லை. பெண்ணின் ஜடை நீளத்தைப் பற்றி ஒரு கருத்து. அவள் பனியில் வழுக்கி விழுந்தபோது ஒரு சிரிப்பு. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பசி. புத்தகம் புத்தகமாக, பார்வையும் கோப்பையும் காலடியுமாக எழுதி வைத்திருந்ததையெல்லாம் இவன் வாயால், இல்லை மனசால், மென்று துப்பினான்.

முதல் நாளிலேயே காய்ச்சலையும் கொண்டு வந்துவிட்டார்கள். அவள் உள்ளே படுத்திருக்கிறாள். அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். பனி விழுகிறது. தோளில் படிகிறது. அந்த நேரத்தில் அந்தக் குரல், "இவளுக்கு எப்போது சரியாகும், நான் எப்போது தூங்குவது? பசியில் வயிற்றில் எலி ஓடுகிறது" என்று இந்தியில் புலம்பியது. அணில் தன் வயிற்றைத் தட்டிக் காட்டியது. பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு.

ஆன்ட்டி பகோடாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை எறியத் தோன்றியது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"அப்ப இதத்தான் நெனச்சிட்டு உக்காந்திருந்தானாக்கும்?" என்றாள், மெதுவாக. பிறகு மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பேப்பரை மடித்தார், எழுந்தார், வாசலைத் தாண்டிப் புல்வெளிக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தது. அப்பா டம்ளரைச் சத்தமில்லாமல்தான் வைத்தார். அம்மா என்னை இடிக்கவில்லை.

"என்ன நெனைக்காவளோ, யாரு கண்டா?" என்றாள் அடுப்படியில். "சப்பாத்தி ஏன் இம்புட்டு தடியா இருக்குன்னு நெனச்சிட்டிருப்பாவ. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து, காண்டீன்ல டீ நல்லால்லன்னு நெனச்சிருப்பாவ. நான்தான் கிறுக்கி, மூணு வருசமா அவுக மொதுகப் பாத்துக் கத கட்டிட்டு இருந்திருக்கேன்."

எவனோ ஜப்பானில் வரைந்த கார்ட்டூனுக்கு அப்பா என்ன செய்வார் என்று நான் கேட்டேன். அனிமே என்று திருத்தக்கூட எனக்கு அப்போது மனசில்லை. அம்மா பதில் சொல்லாமல் பாத்திரத்தை நங்கென்று கவிழ்த்தாள். அடுத்த நாட்களில் வீட்டில் எல்லாமே நங்கென்றுதான் வைக்கப்பட்டது. அப்பா மார்க்கெட்டுக்கு முன்னால் நடந்தபோது, "ஓடுதாவ பாரு, கூட வந்தா அசிங்கம்னு" என்ற பழைய பாட்டு திரும்பிவிட்டது.

நானும் ஆன்ட்டியும் அந்தத் தொடரை விடாமல் பார்த்தோம், திட்டுவதற்காக. அதில் ஒரு தனி ருசி இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வாரம் இளவரசன் மனசுக்குள் பாட்டுப் பாடினான். மூன்றாம் வாரம் அணிலுக்குக் காதல் வந்து, அது இவர்கள் காதலை முந்திக்கொண்டு போயிற்று. ஆன்ட்டி பஞ்சாபியில் சொன்ன வசவுகளை நான் இங்கே எழுத முடியாது. அதற்கடுத்த வாரம் பாலம் வருமுன்பே தொடரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் பழைய ரோபோ கார்ட்டூன் ஒன்றைப் போட்டார்கள். அம்மா ஒரு நாளும் வந்து உட்காரவில்லை.

வேடிக்கை பாருங்கள், அந்த வாரம்தான் தரியாகஞ்ச் பையா தூரத்திலிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஆறாவது புத்தகம். அட்டை கிழிந்திருந்தது, உள்ளே முழுசாக இருந்தது. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "இனிமே அவன் எங்க உக்காந்தாலும் எனக்கு அந்தக் கொரல்தான் கேக்கும்."

"பேசாம அப்பாகிட்டயே கேட்டுடேன், மனசுக்குள்ள என்ன நெனைக்கிறீங்கன்னு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். இவ்வளவு பேசுகிறவள் முகத்தில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கேட்டு, அவுக ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா?"

புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

ஒரு வாரம் பனிமூட்டம் மூடிக் கிடந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தூப் அடித்தது. பிளாக் முழுக்கப் புல்வெளியில் இறங்கிவிட்டது. அம்மா பட்டாணியைப் பாயில் கொட்டினாள். ஆன்ட்டி ஸ்வெட்டர் பின்னலோடு வந்தார். அப்பா வழக்கம்போல நாற்காலி, முதுகு, பேப்பர். நான் ஒரு நப்பாசையில் ஆறாவது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசி வாசி என்று ஆன்ட்டி கண்ணைக் காட்டினார். அம்மா தலையை அசைத்து மறுத்தாள். பட்டாணி பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறாவது கெடச்சிருச்சா?"

யார் கேட்டது என்று எனக்கு உடனே புரியவில்லை. அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து திரும்பியிருந்தார்.

"கெடச்சிருச்சுப்பா."

"பெறகு வாசிக்க வேண்டியதான? அவ வெளக்க வச்சுக்கிட்டுப் பாலத்துல எம்புட்டு நேரம் நிப்பா?"

அம்மா கையிலிருந்த பட்டாணி பாயில் உருண்டது. ஆன்ட்டி, "க்யா போலே, க்யா போலே?", என்ன சொன்னார் என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். அப்பா சொன்னதை நான் இந்தியில் சொன்னதும், ஆன்ட்டி பின்னல் ஊசியோடு கையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்று குளிர்காலத்திலும் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா பேப்பரைத் திருப்பும் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"கேட்டுட்டா இருந்திய?" என்றாள் அம்மா. "இத்தன நாளும்?"

"காது இருக்குல்லா."

"பெறகு டிவில வந்தப்ப ஏன் எந்திரிச்சுப் போயிட்டிய?"

"நல்லால்ல."

"அவன் அப்படி மனசுக்குள்ள கண்டதையும் பேசினதாலயா?" கேட்கப் பயந்ததை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவளை அறியாமலே பாயில் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அப்பா யோசித்தார். அவர் யோசிப்பதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. நாற்காலியை முழுக்க எங்கள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அவன் கெடக்கான், கோட்டிப்பய. எனக்கு அவனப் பத்தி ஒண்ணுமில்ல" என்றார். "அந்தப் பிள்ள மொகம் அது இல்ல."

"எந்தப் பிள்ள?"

"வெளக்கு வச்சிருக்காள்லா, அவ. நான் வேற மொகம் வச்சிருந்தேன். அதக் கெடுத்துருவான் போல இருந்துச்சு. அதான் எந்திரிச்சிட்டேன்."

"வேற மொகம்னா, எப்படி?"

அப்பா செய்தித்தாளை நாலாக மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட மொகம்."

அந்தப் புத்தகங்களை வரி வரியாகத் தமிழில் சொன்னவள் நான். அதில் எங்கேயும் மூக்குத்தி இல்லை. நானும் போடவில்லை. அம்மாவின் கை, பட்டாணிச் சாறு படிந்த பச்சை விரலோடு, தானாக மூக்கிடம் போயிற்று. ஆன்ட்டி, "க்யா ஹுவா, பதா தோ சஹீ", என்ன ஆச்சு சொல்லேன் என்று என்னைப் பிடுங்கினார். முதல் தடவையாக நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு அவரும் அம்மாவின் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அன்றைக்கு அவர் பேசியதே ஒரு மாசத்துக்குக் காணும். பிறகு அம்மா உரிக்காத பட்டாணியில் பாதியை முறத்தில் அள்ளி அவர் காலடிக்குத் தள்ளினாள்.

"சும்மா உக்காந்து கேட்டதெல்லாம் போதும். இத உரிங்க."

அப்பா குனிந்து ஒன்றை எடுத்து, எந்தப் பக்கம் திறப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மடியிலிருந்த ஆறாவது புத்தகத்தை விரித்தேன்.

"அது கெடக்கட்டும்ட்டி" என்றாள் அம்மா. "உள்ள போய் மொதப் புஸ்தகத்த எடுத்துட்டு வா. அவ மலைக்கு வார எடத்துலேர்ந்து வாசி."